இங்கிலாந்து மாணவர் விசா: 20 மணி நேர வேலையை நம்பி வயலை அடகு வைக்கலாமா?

வீரவநல்லூர்_பிள்ளை (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். ஊர் வீரவநல்லூர், வயது 24. பாளையங்கோட்டையில் பி.காம். முடித்துவிட்டு வண்ணார்பேட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் டேலி, ஜிஎஸ்டி என்று வேலை பார்க்கிறேன். இங்கிலாந்தில், லண்டனுக்கு வெளியே, ஒரு பல்கலைக்கழகத்தில் எம்எஸ்சி அக்கவுன்டிங் அண்ட் ஃபைனான்ஸ் இடம் கிடைத்திருக்கிறது. 2026 செப்டம்பரில் தொடங்குகிற ஒரு வருடப் படிப்பு. ஃபீஸ் 17,000 பவுண்ட்.

ஏஜென்ட் ஆபீஸில் அப்பாவையும் என்னையும் உட்காரவைத்து ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். படிக்கும்போது வாரம் 20 மணி நேரம் வேலை, ஜூன் முதல் செப்டம்பர் வரை கோடை விடுமுறையில் முழுநேரம், வாடகை சாப்பாடு போக ஃபீஸில் பாதியை அங்கேயே எடுத்துவிடலாம், படிப்பு முடிந்ததும் இரண்டு வருடம் வேலை விசா. அப்பா அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிசான அறுப்பும் முடிந்துவிட்டது, கன்னடியன் கால்வாயில் பாயும் வயலை பேங்கில் வைத்துக் கடன் எடுத்துவிடலாம் என்கிறார்.

எனக்குத்தான் உறுத்துகிறது. அந்தத் தாளில் வரவுப் பக்கம் மட்டும்தான் இருந்தது, செலவுப் பக்கத்தைக் காணோம். அங்கே இருப்பவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். எங்கள் ஆடிட்டர் சார், "அங்க போனாலும் நாலு கிளையன்டுக்கு ரிட்டர்ன் போட்டுக் குடும்மா, ஒரு ரிட்டர்னுக்கு இவ்வளவுன்னு உன் அக்கவுன்ட்ல போட்டுடுறேன்" என்கிறார். இது செய்யலாமா? அம்மாவின் கேள்வி வேறு. போவதற்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிட்டால் மாப்பிள்ளையும் கூடவே வந்து வேலை பார்க்கலாமாமே?

---

மேலப்பாளையம்_பாய்

அந்தத் தாளில் ஏஜென்டின் கையெழுத்தும் சீலும் கேட்டுப் பாருங்கள் சகோதரி. தரமாட்டார்கள், அதிலேயே பாதி பதில் தெரிந்துவிடும். மீதியைக் கல்லிடை மதினி வந்து சொல்லட்டும், அவர்தான் அங்கே இருக்கிறார்.

---

கல்லிடை_மதினி

வந்துட்டேன். தங்கச்சி, முதலில் வாழ்த்து, இடம் கிடைத்ததே பெரிய விஷயம். நான் கல்லிடைக்குறிச்சி. இங்கே எம்எஸ்சி படித்தேன், இப்போது ஒரு கேட்டரிங் கம்பெனியில் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு, பார்க்கிறேன். மாணவர்களின் டைம்ஷீட் எல்லாம் என் மேசைக்குத்தான் வரும். அதனால் ஏஜென்ட் தாளை விட என் பேச்சைக் கொஞ்சம் கூடுதலாக நம்பலாம்.

அந்தத் தாளில் 20 மணி நேரம் என்பது உண்மை. அதிலிருந்து அவர் பின்னிய கணக்கு பொய்.

நீயே போட்டுப் பார். 21 வயது ஆனவர்களுக்கு 2026 ஏப்ரலிலிருந்து குறைந்தபட்சக் கூலி மணிக்கு 12.71 பவுண்ட். 20 மணி நேரத்துக்கு 254 பவுண்டும் 20 பென்ஸும். வருடத்தில் ஒரு வாரம் விடாமல் முழு 20 கிடைத்தாலும் மாதத்துக்குச் சுமார் 1,100. இப்போது விசாவுக்குக் கையிருப்புக் காட்டச் சொல்லும் தொகையைப் பார். லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்ட் வீதம் 9 மாதத்துக்கு 10,539. ஒரு மாணவர் மாதத்தை ஓட்ட இவ்வளவு வேண்டும் என்று அரசாங்கமே வைத்திருக்கும் தொகை இது. வாரம் தவறாமல் 20 மணி நேரம் மாடாய் உழைத்தாலும் அந்தத் தொகையைக்கூட எட்ட முடியாது. அப்புறம் ஃபீஸில் பாதி எங்கிருந்து வரும்? இதில் அரசு ஆஸ்பத்திரி வசதிக்காக விசாவோடு வாங்கும் சர்சார்ஜ் வருடத்துக்கு 776 பவுண்ட், விசா கட்டணம், டிக்கெட் எல்லாம் நீ விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே கட்டவேண்டியவை.

அந்த 20 மணி நேரமும் எல்லா வாரமும் கிடைக்காது. நிறைய வேலைகள் ஜீரோ அவர் கான்ட்ராக்ட். வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லாவிட்டால் போன் சும்மா கிடக்கும். டிசம்பரில் 20 போட்ட பிள்ளையின் பெயருக்கு நேராக ஜனவரியில் 6, 7 என்று இருப்பதை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். கிறிஸ்துமஸ் முடிந்தால் விருந்தும் இல்லை, விழாவும் இல்லை. செப்டம்பர் கடைசியில் ஊரே மாணவர் மயமாக இருக்கும்போது வேலை தேடுவது இன்னொரு பாடு. முதல் இரண்டு மூன்று மாதச் செலவைக் கையில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும்.

அடுத்து கோடை. ஏஜென்ட்கள் அதிகம் கதை விடுகிற இடம் இதுதான், நிதானமாகப் படி. டிகிரி படிக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் ஜூனில் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள், கேம்பஸே வெறிச்சென்று இருக்கும். அவர்களுக்கு அது விடுமுறை. ஒரு வருட எம்எஸ்சிக்கு அது டிசர்டேஷன் (ஆய்வேடு) எழுதும் காலம், பல்கலைக்கழகக் கணக்கில் அதுவும் டெர்ம்தான், அதாவது படிப்பு நடக்கும் காலம்தான். ஆகவே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்றுக்கும் அதே 20 மணி நேரம். வகுப்பே நடக்கவில்லையே என்று நீ வாதாட முடியாது, வகுப்பு நடப்பதை வைத்து இதை முடிவு செய்வதில்லை. எந்தத் தேதிகள் விடுமுறை என்று பல்கலைக்கழகம் ஒரு கடிதம் தரும். நாங்கள் அதைக் கேட்டு வாங்கி ஃபைலில் வைக்காமல் யாருக்கும் கூடுதல் ஷிஃப்ட் போடுவதில்லை. பொதுவாக கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறையில் முழுநேரம் பார்க்கலாம். அதையும் உன் கோர்ஸின் கடிதத்தில் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார் என்றால், அனுமதி இல்லாமல் ஆள் வைத்த முதலாளிக்கு 2024 பிப்ரவரியிலிருந்து முதல் தடவையே ஆளுக்கு 45,000 பவுண்ட் வரை அபராதம், திரும்பவும் மாட்டினால் 60,000 வரை. எந்த மேனேஜரும் உனக்காக அந்த ரிஸ்க் எடுக்கமாட்டார். உன் பக்கம் போவது விசா.

வாரம் என்றால் திங்கள் காலை முதல் ஞாயிறு இரவு வரை. சராசரி பார்ப்பது கிடையாது. இந்த வாரம் 12, அடுத்த வாரம் 28, கூட்டி இரண்டால் வகுத்தால் 20 தானே என்றால் இரண்டாவது வாரம் விதிமீறல். இரண்டு இடத்தில் வேலை பார்த்தால் இரண்டையும் சேர்த்துத்தான் 20. ஞாயிறு ராத்திரி ஷிஃப்டில் 12 மணிக்கு மேல் ஓடுகிற நேரம் அடுத்த வாரத்தில் விழும். டைம்ஷீட்டில் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இந்த ஞாயிறு ராத்திரியில்தான்.

ஆடிட்டர் சார் விஷயம். வேண்டாம் என்று கும்பிட்டுச் சொல்லிவிடு. ரிட்டர்னுக்கு இவ்வளவு என்று வாங்கினால் அது சுயதொழில், மாணவர் விசாவில் சுயதொழில் அறவே கூடாது. பணம் திருநெல்வேலி அக்கவுன்டில் விழுந்தாலும் வேலை செய்கிற ஆள் இருப்பது இங்கே. அவர் உன்னை மாதச் சம்பளத்துக்கே வைத்திருந்தாலும் அந்த நேரமும் 20-க்குள் அடங்க வேண்டும், அப்போது இங்கே வேலை பார்க்க நேரம் இருக்காது. சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் ஆப் வேலையும் இதே காரணத்தால் ஆகாது. அடுத்தவர் அக்கவுன்டை வாடகைக்கு எடுத்து ஓட்டுகிறவர்களைப் பார்ப்பாய், அந்தப் பக்கமே போகாதே.

மாப்பிள்ளை வர முடியாது. 2024 ஜனவரியிலிருந்து இந்த மாதிரி வகுப்பு எம்எஸ்சிக்கு டிபெண்டன்ட் விசா, அதாவது கணவன் மனைவி பிள்ளைகளைக் கூட்டிவரும் விசா, கிடையாது. பிஎச்டி, ஆராய்ச்சிப் படிப்பு, அரசாங்க ஸ்காலர்ஷிப் என்று சிலருக்குத்தான் உண்டு. மாப்பிள்ளை ஒரு வருடம் தாமிரபரணியில் முங்கிக் குளித்துக்கொண்டு அங்கேயே இருக்கட்டும் என்று அம்மாவிடம் சொல்.

எந்த வேலை நல்லது என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே கிடைத்தால் அதுதான் முதல் சாய்ஸ். நூலகக் கவுன்டர், ஓப்பன் டே அன்று கேம்பஸைச் சுற்றிக் காட்டும் ஸ்டூடன்ட் அம்பாசிடர், இப்படி. பரீட்சை எப்போது என்று அவர்களுக்கே தெரியும், அந்த வாரம் ஷிஃப்டுக்குக் கூப்பிட்டு உயிரை வாங்கமாட்டார்கள். வேர்ஹவுஸ் ராத்திரி ஷிஃப்டில் காசு கொஞ்சம் கூடும், மறுநாள் ஒன்பது மணி வகுப்பில் தூங்குவாய். உனக்கு இன்னொரு வழி இருக்கிறது. இங்கே சுயதொழில்காரர்கள் வருமான வரிக் கணக்கை ஆன்லைனில் போட ஜனவரி 31 கடைசி நாள், சின்ன அக்கவுன்டன்ட் ஆபீஸ்களில் அந்த மாதம் மூச்சுவிட நேரம் இருக்காது. டேலி இங்கே யாருக்கும் தெரியாது. ஜீரோ (Xero), குவிக்புக்ஸ் என்ற கணக்கு மென்பொருள் இரண்டையும் ஊரில் இருக்கும்போதே பழகிக்கொண்டு வந்து நவம்பரிலேயே அந்த ஆபீஸ்களுக்கு மெயில் போடு. சம்பளத்தை விட அந்த அனுபவம் பிறகு உதவும்.

கையில் காசாகத் தருகிறோம் என்று கூப்பிடும் இடத்துக்குப் போகாதே, நம்ம ஆளே கூப்பிட்டாலும். பெயர் வேண்டாம், ஒரு ஹோட்டலில் மணிக்கு 6 பவுண்டுக்குப் பாத்திரம் கழுவிய பையனை எனக்குத் தெரியும். சம்பளச் சீட்டு கேட்டதற்கு வாசலைக் காட்டினார்கள். போலீஸுக்குப் போகவும் அவனுக்குப் பயம், ஏனென்றால் வாரம் 35 மணி நேரம் கழுவியிருக்கிறான்.

---

பாளை_ரிட்டயர்டு_மேனேஜர்

மதினி வேலைக் கணக்கைச் சொல்லிவிட்டார். தலைப்பில் உள்ள வயலைப் பற்றி யாரும் பேசவில்லையே. நான் பேங்கில் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன்.

தாயி, வயலை வைத்தால் கல்விக் கடன் கிடைத்துவிடும் என்று அப்பா நினைப்பதே சந்தேகம்தான். 2002-ம் வருட சர்ஃபேசி சட்டத்தின் 31-வது பிரிவு விவசாய நிலத்தை விலக்கி வைத்திருக்கிறது. தவணை நின்றால் கோர்ட்டுக்குப் போகாமல் பேங்க் அதை எடுத்து ஏலம் விட முடியாது. அதனால் நஞ்சையை ஈடாக வாங்க மேனேஜர்கள் தயங்குவார்கள், வீடு, மனை, டெபாசிட் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். வயல் பத்திரத்தைக் கொண்டாங்க, நாளைக்கே பணம் என்று ஒருவர் சொன்னால் அவர் பேங்க்காரர் இல்லை. கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு பூ விளைகிற வயலை அவரிடம் கொடுத்துவிடாதீர்கள்.

இன்னொன்று, படிப்புக் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்று சொல்வார்கள். நிறைய பேர் அதை வட்டி இல்லை என்று எடுத்துக்கொள்கிறார்கள். வட்டி பணம் கைமாறிய நாளிலிருந்தே ஓடும். 25 லட்சத்துக்கு 10 சதவீதம் என்று வைத்தால் வருடத்துக்கு இரண்டரை லட்சம், மாதம் இருபதாயிரத்துக்கு மேல். உங்கள் இப்போதைய சம்பளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள். அந்த வட்டியையாவது அப்பா மாதாமாதம் கட்டி வந்தால் பின்னால் பாரம் ஓரளவு குறையும்.

நல்ல செய்தியும் இருக்கிறது. பேங்க் கல்விக் கடனாக வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து டிசிஎஸ் என்ற வரிப் பிடித்தம் இல்லை. பழைய வரி முறையில் இருப்பவருக்கு வருமான வரியில் கல்விக் கடன் வட்டி முழுவதற்கும் எட்டு வருடம் வரை கழிவு உண்டு.

---

தென்காசி_சாரல்

நான் மெல்போர்னில் இருக்கிறேன். இங்கே 2023 ஜூலையிலிருந்து இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம், விடுமுறையில் வரம்பு இல்லை. குறைந்தபட்சக் கூலி 2025 ஜூலை நிலவரப்படி மணிக்கு 24.95 டாலர். வருடச் செலவுக்குக் காட்டச் சொல்வது 29,710 டாலர். மதினி போட்ட மாதிரியே கணக்குப் போட்டால், முழு நேரமும் வேலை கிடைத்தால், இங்கே மயிரிழையில் தாண்டும். ஆனால் விசா கட்டணமே 2025 ஜூலை நிலவரப்படி 2,000 டாலர், மறுத்தால் திரும்ப வராது. எம்.ஏ., எம்எஸ்சி பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வருடம் என்பதால் ஃபீஸும் அந்த அளவுக்கு ஏறும். மொத்தத்தில் இதுவும் வேலை பார்த்து ஃபீஸ் கட்டுகிற ஊர் இல்லை.

அமெரிக்கா போன என் மச்சான் முதல் வருடம் கேம்பஸுக்கு வெளியே ஒரு கடையில்கூட நிற்க முடியவில்லை. எஃப்-1 விசாவில் உள்ளேயேதான், அதுவும் வாரம் 20.

---

நாங்குநேரிக்காரன்

ஃபீஸ்தான் பிரச்சினை என்றால் ஜெர்மனியையும் பாருங்க. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் நம்மிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குவார்கள். வருடச் செலவுக்கு 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் போட வேண்டும், மாதம் 992 வீதம் எடுத்துக்கொள்ளலாம். வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை. ஆனால் ஜெர்மன் தெரியாமல் காய்கறிக் கடையில்கூட வேலை கிடைப்பது கஷ்டம். நான் திருநெல்வேலியில் இருக்கும்போதே ஜெர்மனில் பி1 (நடுத்தர நிலை) வரை படித்துவிட்டு வந்தேன். இந்த வருடத்துக்கு உங்களுக்கு நேரம் இருக்காது, அடுத்த வருடத்துக்கு யோசிக்கலாம்.

---

வீரவநல்லூர்_பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. மதினி எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கோடை பற்றிய இடத்தில் என்னை நிறுத்தச் சொல்லி, தாளை எடுத்துப் பேனாவால் அந்த வரியை அடித்தார். வயல் பேச்சு இப்போதைக்கு இல்லை. பாட்டி வீட்டுப் பத்திரத்தைப் பார்க்கலாம் என்கிறார். மேனேஜர் சார், வட்டி விஷயம் எங்கள் இருவருக்குமே புதிது.

அப்பா ஒன்றே ஒன்று கேட்கச் சொன்னார். படிப்பு முடிந்ததும் இரண்டு வருட விசா என்பதாவது நிஜமா? அப்புறம் ஏஜென்ட் நேற்று போன் செய்து, வேலை கிடைக்காவிட்டால் கேர் ஹோம் (பராமரிப்பு இல்லம்) விசாவுக்கு மாறிக்கொள்ளலாம், அதற்கும் தாங்களே ஏற்பாடு செய்கிறோம் என்றார்கள்.

---

கல்லிடை_மதினி

அப்பாவை நான் கேட்டதாகச் சொல்.

இரண்டு வருடம் உனக்குக் கிடையாது. கிராஜுவேட் விசாவுக்கு 2026 டிசம்பர் 31 வரை விண்ணப்பிக்கிறவர்களுக்குத்தான் இரண்டு வருடம், 2027 ஜனவரி 1 முதல் ஒன்றரை வருடம். நீ இந்த செப்டம்பரில் சேர்ந்து அடுத்த வருடக் கடைசியில்தான் ரிசல்ட் வாங்குவாய், ஆகவே ஒன்றரை. அதற்கும் சர்சார்ஜ் வருடத்துக்கு 1,035 பவுண்ட் வீதம் முன்னாலேயே கட்ட வேண்டும். பல்கலைக்கழகம் நீ பாஸ் என்று ஹோம் ஆபீஸுக்கு (உள்துறைக்கு) தெரிவித்த பிறகு, கையிலிருக்கும் விசா தீர்வதற்கு முன்னால், இங்கே இருந்தபடியே விண்ணப்பிக்க வேண்டும். ஊருக்கு வந்துவிட்டு அங்கிருந்து போட முடியாது.

அந்த ஒன்றரை வருடத்துக்குள் ஸ்பான்சர் செய்கிற கம்பெனி ஒன்று கிடைக்க வேண்டும். ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்ட். உன்னை மாதிரி படித்து முடித்து மாறுகிறவர்களை நியூ என்ட்ரன்ட் என்று எடுத்து 33,400-க்கு விடுவார்கள். கணக்குத் துறையில் புதிதாகச் சேர்கிறவருக்கு லண்டனுக்கு வெளியே அந்தச் சம்பளம் லேசில் வராது. கிடைத்தவர்களும் என்னோடு படித்தவர்களில் இருக்கிறார்கள், வெறுங்கையோடு திரும்பியவர்களும் இருக்கிறார்கள். கடனைக் கணக்குப் போடும்போது திரும்பி வந்து திருநெல்வேலிச் சம்பளத்தில் கட்ட முடியுமா என்றுதான் போடு. அது தாங்கும் என்றால் தைரியமாக வா. தாங்காது என்றால் இன்னும் ஒரு வருடம் ஆடிட்டர் ஆபீஸில் சேர்த்துவிட்டு வா. பல்கலைக்கழகத்தில் கேட்டால் சேரும் வருடத்தைத் தள்ளிவைத்துத் தருவதும் உண்டு.

கேர் விசா பேச்சை அப்படியே நிறுத்து. வெளிநாட்டிலிருந்து கேர் ஒர்க்கர்களை எடுப்பதை 2025 ஜூலை 22-லேயே மூடிவிட்டார்கள். இங்கே ஏற்கெனவே இருப்பவர்கள் மாறுவதற்கு 2028 ஜூலை வரை ஒரு சின்னக் கதவு திறந்திருக்கிறது, அதற்கும் அதே முதலாளியிடம் முன்கூட்டியே சட்டப்படி வேலை பார்த்திருக்க வேண்டும். ஸ்பான்சர்ஷிப்புக்காக உன்னிடம் யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் அது வியாபாரம், வேலை இல்லை. அந்த ஏஜென்டிடம் இனிமேல் எதையும் போனில் பேசாதே, மெயிலில் எழுதச் சொல்.

இப்போது எனக்கு உன்னிடமிருந்து ஒன்று வேண்டும். ஆஃபர் லெட்டரில் கோர்ஸ் தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் இருக்கும். ஒரு வருடப் படிப்பு என்று பெயர் வைத்துக்கொண்டு பதினொன்றரை மாதத்தில் முடிக்கிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. முழு 12 மாதம் இருந்தால் விசா முடிவில் 4 மாதம் கூடுதலாக வரும், 12-க்கு ஒரு நாள் குறைந்தாலும் 2 மாதம்தான். கோர்ஸ் முடிந்த பிறகு முழுநேரம் வேலை பார்க்க அனுமதி உள்ள காலம் அதுதான், நிரந்தரப் பணியில் மட்டும் சேரக்கூடாது. அந்த இரண்டு மாத வித்தியாசம் சம்பளத்தில் பெரிய தொகை, ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவும் அந்த நாட்கள் வேண்டும். இரண்டு தேதியையும் பார்த்து இங்கே போடு. காஸ் லெட்டர், அதாவது விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் சேர்க்கை உறுதிச் சான்று, வந்ததும் அதிலும் அதே தேதிதானா என்று சரிபார்க்க வேண்டும்.

---

வீரவநல்லூர்_பிள்ளை

செப்டம்பர் 21 தொடக்கம், அடுத்த வருடம் செப்டம்பர் 10 முடிவு என்று இருக்கிறது மதினி.

---

கல்லிடை_மதினி

அப்போ 2 மாதம்தான். பல்கலைக்கழக இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு இன்றைக்கே ஒரு மெயில் போடு: காஸில் எந்தத் தேதி போடுவீர்கள், எங்கள் கோர்ஸுக்குக் கிறிஸ்துமஸ், ஈஸ்டர் விடுமுறை உண்டா, டிசர்டேஷன் காலம் டெர்ம் கணக்கா. மூன்றையும் எழுத்தில் கேள். பதில் வந்ததும் இங்கே ஒட்டு, உட்கார்ந்து செலவுப் பக்கத்தை எழுதுவோம்.